நாற்பத்தோராம் எண் நோட்டீஸ்

ஆணி இருந்தது. போர்டு இல்லை.

நீச்சல்குளத்தின் ஆழமில்லாத பக்கத்துச் சுவர் முன்னால் நின்று, அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார் மாமனார். காலை மணி பத்து. போர்டைத் துடைத்துப் பளபளவென்று வைக்க வந்தவர், ஈரத்துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

மருமகள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வீடு மேலே, குளம் கீழே. இந்தக் குடும்பத்தில் யார் குளத்தருகே நின்று பெருமூச்சு விட்டாலும் மாடிக்குக் கேட்டுவிடும்.

"அம்மாடி, நாப்பத்தொண்ணைக் காணோம்" என்று மாமனார் மேலே பார்த்துச் சொன்னார்.

எதை என்று அவள் கேட்கவில்லை. இந்த வீட்டில் ஒன்பது நாளாக எல்லோருடைய தலைக்குள்ளும் தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு போர்டுதான்.

கேக் அக்கா விழுந்து இன்றோடு ஒன்பது நாள். தெருமுனையில் கேக் செய்து விற்கும் அந்த அம்மாள், முழங்கால் வலிக்கு நல்லது என்று தினமும் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வந்து நீந்துபவர். அன்றைக்கு மூன்றாம் படியில் கால் வைத்ததும் ஆடிக்கொண்டிருந்த ஓடு பெயர்ந்தது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு க்ரீம் பிழியும் வேலையை நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குளத்தை அன்றே மூடியாயிற்று. முந்தாநாள் கேக் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ விட்டு எழுதி, இடது கையால் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. 'படி ஆடுவது உங்களுக்கு முன்பே தெரியும்' என்று அதில் ஒரு வரி.

இன்று மாலை நான்கு மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வருகிறார்.

"போர்டு இருந்தா கேஸே இல்லை" என்று மாமனார் ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த போர்டே இல்லை.

மாமனாரைப் பற்றிப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபத்தாறு வருடம் ஒரு கிடங்கில் சாமான் காப்பாளராக இருந்துவிட்டு, ஓய்வுபெற்றதும் கையிலிருந்ததையெல்லாம் போட்டு இந்தக் குளத்தைக் கட்டியவர். கிடங்கை விட்டு வந்துவிட்டார், கிடங்கு அவரை விடவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு நோட்டீஸ் எழுதுவார். கீழே எண், தேதி, சுருக்கொப்பம். பிறகு அதை ஒரு நீள நோட்டில் நகல் எடுப்பார். இடது பக்கம் நோட்டீஸ், வலது பக்கம் குறிப்பு. சம்பந்தப்பட்டவர் யாரோ அவர் வலது பக்கத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே முப்பத்துமூன்றாம் எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டவள். 'வெந்நீர் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கவும். மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல.' வக்கீலுக்குப் படித்தவள், முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

எல்லா நோட்டீஸும் ஒரே மாதிரிதான் முடியும். குழந்தைகள் தண்ணீரில் இறங்கினால் பொறுப்பல்ல. வண்டி தொலைந்தால் பொறுப்பல்ல. செருப்பு மாறினால் பொறுப்பல்ல. ஆனால் யாருடைய குழந்தையாவது குளித்து நடுங்கிக்கொண்டே ஏறிவந்தால் துண்டோடு நிற்பவர் அவர்தான். செருப்பு மாறிப்போன ஒருவருக்குத் தன் செருப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மாலை வரை வெறுங்காலோடு நடந்தவர்.

அவள் கீழே இறங்கி வருவதற்குள் மாமனார் விசாரணையை ஆரம்பித்திருந்தார். பம்ப் அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மகனைக் கேட்டார்.

"போர்டை நீ எடுத்தியா?"

"இல்லப்பா."

"பார்த்தியா?"

"இல்லப்பா."

மகன் நிமிரவே இல்லை. அவளுடைய கணவன்தான். நீச்சல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் ஊர் முழுக்க அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஒன்பது நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. பிள்ளைகளுடைய போட்டி பத்து நாளில் வருகிறது, பயிற்சி கொடுக்கக் குளமில்லை, அந்தக் கவலை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் உடை மாற்றும் அறைகளுக்குப் போனார். குளோரின் டப்பாக்களை நகர்த்திப் பார்த்தார். வலைக்கழியால் குளத்தின் அடியைக்கூடத் துழாவினார். இரண்டடி நீள பிளாஸ்டிக் பலகை, தானாக நடந்து போயிருக்காது.

மருமகள் தேடவில்லை. டிக்கெட் கவுன்டரைப் பார்த்தாள்.

கவுன்டருக்குப் பின்னால், மறந்துபோன பொருள்களை வைக்கும் அலமாரியின் கதவில் சாய்ந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மாமியார். குளம் மூடியிருக்கிறது, டிக்கெட் வாங்க ஆளில்லை. காலையிலிருந்து டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"அத்தை, கொஞ்சம் எந்திரிங்களேன்."

"இடுப்பு வலிம்மா."

"நேத்து வரைக்கும் முழங்கால்தானே வலிச்சுது?"

"இன்னிக்கு மேல ஏறிடுச்சு."

மருமகள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கண்ணைத் தாழ்த்தியது மாமியார்தான். மெதுவாக எழுந்து நாற்காலியை நகர்த்தினார்.

அலமாரிக்குள் ஒற்றைக் காதுத் தோடு ஒன்று பஞ்சில் பொதிந்து நான்கு வருடமாக இருந்தது. நீச்சல் கண்ணாடிகள், தொப்பிகள், ஒவ்வொன்றிலும் கிடைத்த தேதியோடு ஒரு சீட்டு. அடித்தட்டில், யாரோ மறந்துவிட்டுப் போன பெரிய பூப்போட்ட துண்டுக்குள் சதுரமாக ஏதோ சுற்றி வைத்திருந்தது. அவள் துண்டை விலக்கினாள்.

'மூன்றாம் படி ஆடுகிறது. கவனமாக இறங்கவும். விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. எண் 41.' கீழே தேதி. கேக் அக்கா விழுந்த நாளுக்கு இருபத்துமூன்று நாள் முந்தைய தேதி.

"நீதானேம்மா நேத்து காலையில சொன்னே" என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி. "எழுதி மாட்டிட்டா பொறுப்பு போயிடாது, ஒருத்தர் உடம்புக்கு அடிபட்டா கோர்ட்டு அந்த போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதுன்னு."

"சொன்னேன்."

"அவரு தேதி வேற போட்டிருக்காரு, முன்னாடியே தெரியும்கிறதுக்கு அதுவே சாட்சின்னு சொன்னியா இல்லையா? அவரு அதுக்குள்ள குளிக்கப் போயிட்டாரு. நான் கேட்டேன்ல."

"ஒளிச்சு வைங்கன்னு சொல்லலையே அத்தை."

"ஒளிச்சு வைக்காதீங்கன்னும் சொல்லலை."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

"முப்பத்திரண்டு வருஷத்துல அந்த மனுஷன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை" என்றார் மாமியார். "இப்பவும் சொல்ல வேண்டாம்னுதான் எடுத்தேன். போர்டு இல்லைன்னா பொய்யே தேவையில்லை. பேசாம இருந்தாலே போதும். இந்தக் குளம் போச்சுன்னா அவரு என்ன செய்வாரு? சும்மா உட்காரத் தெரியாத ஆளு."

"அவர் பேசாம இருந்தா, கேக் அக்கா எழுதினது பொய்னு ஆயிடும் அத்தை. கையும் போயி, பொய்க்காரின்னு பேரும் வரணுமா?"

மாமியார் துண்டின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஆறு வருஷமா அவளுக்கு நான்தான் டீ போட்டுக் குடுக்கறேன். சர்க்கரை கம்மியா" என்றார். பிறகு போர்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "நீ வர வேணாம். நானே குடுக்கறேன்."

அப்படிச் சொன்னாரே தவிர, பத்தடி நடந்ததும் திரும்பிப் பார்த்தார். மருமகள் கூடவே போனாள்.

மாமனார் குளத்து விளிம்பில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். போர்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"கிடைச்சுடுச்சா? எங்க இருந்துச்சு?" என்று வாங்கி, தோளிலிருந்த துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தாங்க எடுத்து வெச்சேன்" என்றார் மாமியார்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மருமகள் அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நேற்று அவர் கேட்காமல் போன பாதியை இப்போது சொல்ல வேண்டியிருந்தது.

"மாமா, படி வழுக்கும், பார்த்து இறங்குங்கன்னு எழுதினா அது எச்சரிக்கை. அது நல்லதுதான். ஆனா ஆடற படியைச் சரி பண்றது நம்ம வேலை. அதைச் செய்யாம விட்டுட்டு, அடிபட்டா என்னைக் கேக்காதீங்கன்னு எழுதினா அது செல்லாது. வேலையை நாம செய்யலை, எழுதி மட்டும் வெச்சிருக்கோம்."

"அப்ப இந்த போர்டு?"

"நமக்கு முன்னாடியே தெரியும்னு காட்டும். அவ்வளவுதான்."

அவர் தேதியைப் பார்த்தார். கட்டைவிரலால் அதன்மேல் ஒருமுறை தடவினார்.

"தேதி போடாம இருந்திருந்தா?"

"உங்களால தேதி போடாம எழுத முடியுமா மாமா?"

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "முடியாது" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாம் படியில் பெயர்ந்த ஓட்டை எடுத்துத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, பாதத்தால் அழுத்தினார். தண்ணீருக்கடியில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"இந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும்மா. போர்டு மாட்டின அன்னிக்கு, ஏதோ படியையே சரி பண்ணிட்ட மாதிரி நிம்மதியாத் தூங்கினேன். அதுக்கப்புறம் சத்தம் கேக்கறதே நின்னுபோச்சு."

மாமியார் கையை நீட்டினார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். போர்டை ஒளித்து வைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வந்தார். இளைஞர், இஸ்திரி கலையாத சட்டை, கையில் அளவு நாடா. குளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவர்களைத்தான் பார்த்தார். ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வந்தார்.

"சார், சுவத்துல பெயின்டைவிட நோட்டீஸ் அதிகமா இருக்கே."

"நாப்பது இருக்கு" என்றார் மாமனார் அடக்கமாக.

படியை அளந்தார், படம் பிடித்தார். மாஸ்டர் கூடவே நின்று கேட்டதை எடுத்துக் கொடுத்தான். பிறகு எல்லோரும் கவுன்டருக்கு வந்தார்கள். மாமியார் வைத்த டீயைக் குடித்துவிட்டு அவர் பேனாவைத் திறந்தார்.

"அந்தம்மா கடிதத்துல, படி ஆடறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு எழுதியிருக்காங்க. அதுக்கு ஆதாரம்னு எதுவும் வெக்கலை. உங்களுக்குத் தெரியாதுன்னா இது விபத்து. ஆறுதலா ஏதோ குடுத்து முடிச்சுடுவோம். தெரியும்னா, அவங்களுக்கு ஆன முழு நஷ்டத்துக்கும் பதில் சொல்லணும். அதைக் கம்பெனி ஏத்துக்குமா, உங்க தலையிலேயே விழுமான்னு மேல இருக்கறவங்கதான் சொல்லணும்." அவர் நிமிர்ந்தார். "தெரியுமா சார்?"

மருமகள் மாமனாருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது சொல்லிக்கொடுப்பது போல ஆகிவிடும். மேஜைக்கடியில் மாமியாரின் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"தெரியும்" என்றார் மாமனார். நாற்பத்தோராம் எண்ணை மேஜைமேல் வைத்தார்.

இன்சூரன்ஸ்காரர் படித்தார். தேதியை இரண்டுமுறை பார்த்தார். கெட்ட மனிதரில்லை, கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி சார், எச்சரிக்கைன்னு ஒண்ணு இருந்திருக்கு. இதைப் படிச்சிட்டுத்தானே அவங்க இறங்கினாங்க? அப்ப அவங்க பேர்லயும் கொஞ்சம் கவனக்குறைவுன்னு எழுதலாமே."

"அவங்க இதைப் படிச்சிருக்க முடியாது."

"ஏன்?"

"கண்ணாடி இல்லாம அவங்களுக்கு எழுத்துத் தெரியாது."

"அது உங்களுக்கெப்படித் தெரியும்?"

மாமனார் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"தினமும் தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டி என் கையிலதான் குடுப்பாங்க. நான்தான் துடைச்சு வெப்பேன். அன்னிக்கும் என் கையிலதான் இருந்துச்சு."

  வாசலில் நின்றிருந்த மாஸ்டர் சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டான். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவரை மாமனாராகக் கொடுத்ததற்காக அந்த நிமிடத்தில் கணவனுடைய எல்லாக் குறைகளையும் மன்னித்துவிட்டாள்.

இன்சூரன்ஸ்காரர் கிளம்பும்போது போர்டை எடுத்துக்கொண்டார். "நோட்டீஸுக்கெல்லாம் நகல் நோட்டு ஒண்ணு வெச்சிருக்கீங்கன்னு தெருவுல சொன்னாங்க. அதுல இந்த எண்ணுக்கு என்ன இருக்கோ அதையும் காப்பி எடுத்து நாளைக்கு அனுப்பிடுங்க" என்றார்.

அவர் போனதும் மாமனார் ஒரு புதுப் பலகையை எடுத்தார். தடித்த பேனாவால், எப்போதும் போல நிறுத்தி நிதானமாக எழுதினார். 'மூன்றாம் படி ஆடிக்கொண்டிருந்தது. தெரிந்தும் சரிசெய்யவில்லை. நடந்ததற்கு நிர்வாகம் பொறுப்பு.' அங்கே வந்ததும் கை தயங்கியது. இத்தனை வருடப் பழக்கம், அடுத்த எழுத்துக்குத் தானாக நகரப் பார்த்தது. அவர் பேனாவை மூடினார்.

எண் 42. தேதி. சுருக்கொப்பம்.

"கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார் மாமியார்.

"இதுக்கு நான் மட்டும் போட்டாப் போதும்" என்றார் அவர். காலி ஆணியில் அதை மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

நோட்டை எடுத்து மருமகளிடம் கொடுத்தார். "பக்கத்துக் கடையில ஒரு காப்பி எடுத்துட்டு வாம்மா." அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் மறுபடி கூப்பிட்டார். "இடது பக்கம் மட்டும் எடுத்தாப் போதும்."

அவள் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். நாலு வீடு தாண்டித்தான் அந்த வார்த்தை உறுத்தியது. ஒரு ரப்பர் செருப்பு காணாமல் போனால் எந்தக் கால் செருப்பு என்று எழுதிவைக்கும் மனிதர், பாதி போதும் என்கிறாரே.

நகலெடுக்கும் கடையில் கண்ணாடி போட்ட பெண் இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மருமகள் நோட்டைப் புரட்டினாள். நாற்பத்தொன்று. இடது பக்கத்தில் போர்டில் இருந்த அதே வரிகள், அதே தேதி.

வலது பக்கத்தில் மாமனாரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'குளத்தைப் பாதி வடித்து படியைப் பூசக் கொத்தனாரை உடனே அழைக்கும்படி மகனிடம் சொல்லப்பட்டது.'

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, வலப்பக்கம் சாய்ந்து. 'சரிப்பா. பிள்ளைங்க போட்டி முடியட்டும், நான் பார்த்துக்கறேன்.'

அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். தினமும் விடியற்காலையில் பயிற்சிக்குப் போகும்போது அவளை எழுப்பாமல் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டுகளில் இருப்பது இதே சாய்வுதான். ஒன்பது நாளாக அவன் ஏன் சாப்பிடவில்லை, கண்ணாடியைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஏன் வெளியே போனான் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. மாமனார் தன் பெயரை மட்டும் போட்டு ஆணியில் மாட்டியது எதற்கென்பதும் இருந்தது.

"ஒரு பக்கம் மட்டுமா, ரெண்டும் சேர்த்தா, அக்கா?" என்று கேட்டாள் கடைப் பெண்.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள் மருமகள். காலையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் மாமியார் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.